புது நன்மைப் படத்தில் ஒரு மாவுக்கட்டு

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று பெரியநாயகம் வாசற்படிக்கு முன்னால் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "உள்ள வரலாங்களா?" என்று கேட்டார்.

அற்புதம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடமாக அந்தக் கதவை அவர் காலால்தான் திறந்திருக்கிறார்.

"வாங்க. உங்க ஊடுதாங்க இது."

"அப்படிங்களா" என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்து நுழைந்தார். எங்கே உட்காரலாம் என்று கேட்டார். தண்ணீர் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜெயமேரி இதையெல்லாம் கதவோரத்தில் நின்று பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். அற்புதத்துக்கு அழுகை வரவில்லை. பையிலிருந்த மாத்திரைகளை எடுத்து, காலை, மதியம், இரவு என்று மூன்று டப்பாவில் பிரித்து வைத்தாள்.

அவர் மலைமேல் காப்பி எஸ்டேட்டில் டிரைவர். தொண்ணூற்றேழு அக்டோபரில் சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரியைக் குப்பனூர் ரோட்டில் இறக்கிக்கொண்டு போனபோது வளைவில் வண்டி கவிழ்ந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது பேச்சு இருந்தது, கை கால் இருந்தது, எழுதப் படிக்கத் தெரிந்தது. ஆனால் யாரையும் தெரியவில்லை. தன் பெயரையே நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். உயிர் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் அற்புதத்திடம் சொன்னார்கள். அவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவள் வேலை பார்த்தது மிஷன் பள்ளி ஹாஸ்டலின் துணி அறையில். பிள்ளைகளின் சட்டை, பாவாடை, போர்வை எல்லாவற்றிலும் நம்பர் துணி வைத்துத் தைப்பதும், கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவதும் அவள் வேலை. எட்டாவது வரை படித்தவள். எழுபத்திரண்டில் பெரியநாயகத்தைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீட்டுக்கு வந்தாள். வந்த மூன்றாம் மாதமே அவர் அவள்மேல் கை நீட்டினார். முதல் இரண்டு மூன்று வருடம் அவள் அழுதிருக்கிறாள், அப்பன் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள், பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு நின்றுபோயிற்று. அடி நிற்கவில்லை, அழுகை நின்றது. குளிர்காலத்தில் விடியற்காலைத் தண்ணீரில் துணி அலசும்போது முதலில் விரல் வலிக்கும், கொஞ்ச நேரத்தில் விரல் இருப்பதே தெரியாது. உடம்பு முழுவதும் அப்படி ஆகிவிட்டது அவளுக்கு.

ஒரே மகள் மரியசெல்வி பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்குக் கோயம்புத்தூர் போனவள், அங்கேயே வேலை தேடிக்கொண்டாள். வருடத்துக்கு இரண்டு தடவை வருவாள். காலை பஸ்ஸில் வந்து மதியம் பஸ்ஸில் போய்விடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை.

இப்போது வீட்டில் இருந்த மனிதர் வேறு. அற்புதத்தை "ஏனுங்க" என்றுதான் கூப்பிட்டார். சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டார். ஒரு மாதம் போன பிறகு ஒருநாள், அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்து கேட்டார்:

"ஏனுங்க, நான் எப்படிப்பட்ட ஆளா இருந்தேனுங்க? நல்லவனா?"

அவள் ஆய்வதை நிறுத்தவில்லை. "நல்லவருதாங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. இல்லை என்று சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு நிறையப் பேச வேண்டியிருந்திருக்கும்.

சேலத்தில் மாதாமாதம் பார்க்கும் டாக்டர், பழைய போட்டோக்களைக் காட்டுங்கள், ஒரு நோட்டில் வரிசையாக ஒட்டி என்ன நடந்தது என்று கீழே எழுதி வையுங்கள், தினமும் பார்க்கட்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகள் படம் ஒட்டும் ஸ்கிராப் புக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, அற்புதம் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பதினொரு போட்டோ இருந்தது. மலையின் ஈரத்தில் எல்லாம் பூசணம் பிடித்திருந்தது. கல்யாணப் போட்டோவில் இரண்டு பேர் முகத்திலும் வெள்ளைப் பொட்டுகள். இரண்டு படம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க வரவில்லை.

"கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தா புதுசு மாதிரி வருமாம்" என்றாள் ஜெயமேரி. பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு மாடியில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் கம்ப்யூட்டர் கடை திறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. கடையைப் பார்த்துக்கொண்டது பார்வதி. மாரமங்கலத்துப் பெண், இருபத்திரண்டு வயது. அப்பாவும் அண்ணன்களும் காப்பியும் மிளகும் போட்டிருக்க, இவள் மட்டும் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து தினமும் பஸ்ஸில் இறங்கிக் கடையைத் திறந்தாள்.

அவள் போட்டோக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இத்தனை பொட்டையும் நானே எடுக்கணும்னா நொம்ப நாள் ஆகுங்க. பத்திரிகை வேலை குவிஞ்சு கெடக்குது. சாயங்காலம் மிஷினு சும்மாதான் இருக்கும். நீங்களே வந்து பண்றீங்களா? சொல்லித் தர்றேன்."

"எனக்கு வராது கண்ணு."

"ஒட்டுப் போடத் தெரியும்ல? அதேதாங்க."

அப்படித்தான் தொண்ணூற்றெட்டு ஜூனில், நாற்பத்தைந்து வயதில், அற்புதம் போட்டோஷாப் கற்றுக்கொள்ளப் போனாள். துணி அறை வேலை முடிந்து ஒரு மணி நேரம், ஜெயமேரி பெரியநாயகத்தைப் பார்த்துக்கொள்ள, வாரத்தில் நாலு நாள்.

முதல் நாள் மவுஸை நகர்த்தி நகர்த்தி மேசை விளிம்புக்குக் கொண்டுபோய், இனி இடம் இல்லை என்று நின்றாள். "தூக்கி மறுபடி நடுவுல வைங்கக்கா" என்று பார்வதி சிரித்தாள். ஸ்கேனரின் கண்ணாடி மேல் போட்டோவைக் கவிழ்த்து மூடினால், உள்ளே ஒரு வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்ல நகரும். பிறகு படம் திரையில் மேலிருந்து கீழாக வரும். முதலில் வந்தது அவள் கல்யாணப் படம். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. "எவ்வளவு அழகா இருக்கீங்க பாருங்கக்கா!" என்றாள் பார்வதி. யாரோ ஒரு பெண்ணை அழகாக இருக்கிறாள் என்று சொன்னதுபோல அற்புதத்துக்கு இருந்தது. ஆமாம் என்றாள்.

ரப்பர் ஸ்டாம்ப் என்று அதில் ஒன்று உண்டு. நல்ல இடத்தில் ஒரு தட்டுத் தட்டி எடுத்து, கெட்ட இடத்தில் ஒற்ற வேண்டும். கன்னத்துத் தோலை எடுத்துக் கன்னத்துப் பொட்டின் மேல், சேலையை எடுத்துச் சேலையின் மேல். அதை அற்புதம் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். ஒட்டுத்துணியைக் கண்ட இடத்திலிருந்து வெட்டக் கூடாது, பக்கத்திலிருந்து, இழை போகும் திசை பார்த்து வெட்ட வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வதிதான் ஆச்சரியப்பட்டாள். லேயர் என்பதற்குத்தான் கொஞ்ச நாள் ஆயிற்று. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை, இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல், கண்ணாடித் தாளில் வைத்ததுபோல் அடுக்கலாம். வேண்டியபோது கீழே இருப்பதை மட்டும் மாற்றலாம். தவறிச் செய்ததில் கடைசி ஒன்றை மட்டும்தான் பின்னால் இழுக்க முடியும், அதற்கு முந்தியது போனது போனதுதான்.

பக்கங்களை வெறுமனே விட வேண்டாம் என்று பார்வதி சொன்னாள். கல்யாணச் சேலையைக் கொண்டுவரச் சொல்லி, அதன் கரையை அப்படியே ஸ்கேனர் கண்ணாடி மேல் விரித்துப் படம் எடுத்து, கல்யாணப் பக்கத்தைச் சுற்றி ஓரமாக ஓட்டினார்கள். அவருடைய டிரைவர் லைசென்ஸ், வேளாங்கண்ணிக்குப் போனபோது வாங்கிய ரயில் டிக்கெட், ஒரு காப்பி இலை எல்லாம் கண்ணாடியில் ஏறி இறங்கின. ஆகஸ்ட் மாதம் ஒருநாள் இடி விழுந்து கரண்ட் போனதில் மூன்று நாள் வேலை அழிந்துவிட்டது. பார்வதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மறுபடி பண்ணலாம் கண்ணு" என்றாள் அற்புதம்.

"ஏனுங்கக்கா, உங்களுக்குக் கோவமே வராதுங்களா?"

அற்புதம் யோசித்துப் பார்த்தாள். "வந்துட்டு இருந்துச்சு" என்றாள்.

செல்வி புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய படம் கடைசியில் வந்தது. எண்பத்து மூன்று மே மாதம். கோயில் படிக்கட்டில் ஒன்பது வயதுச் செல்வி வெள்ளை கவுனும் தலையில் வெள்ளை வலையுமாக நிற்கிறாள். வலது கையில் மெழுகுவர்த்தி. இடது கையில் முழங்கையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு, கழுத்திலிருந்து ஒரு துணித் தொட்டிலில் தொங்குகிறது. பின்னால் அற்புதமும் பெரியநாயகமும்.

"ஐயோ பாவம், பாப்பா கைக்கு என்னாச்சுங்க?"

"குழாயடிப் பாசில வழுக்கி உளுந்துட்டா" என்றாள் அற்புதம். பதினைந்து வருடமாகச் சொன்ன பதில். யோசிக்காமலே வந்தது.

"இந்தக் கட்டு டிரஸ்ஸயே கெடுக்குதுங்க. எடுத்துரலாங்களா?"

"எடுக்க முடியுமா?"

"வலது கைய எடுத்து, திருப்பி, இங்க வெச்சாப் போதும்ங்க."

அந்த ஒரு படத்தில் அற்புதம் ஒன்பது சாயங்காலம் உட்கார்ந்தாள். வலது கையைச் சுற்றி வெட்டியெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி, இடப்பக்கம் வைத்தாள். தொட்டில் துணி இருந்த இடத்தைக் கவுனின் சுருக்கத்தை எடுத்து எடுத்து நிரப்பினாள். புதுக் கையிலும் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது, அதை அழித்தாள். அழித்ததும் விரல்கள் ஒன்றுமில்லாததை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. பார்க்க நன்றாக இல்லை. பார்வதி ஒரு சி.டி.யில் தேடி லில்லிப்பூ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதை அந்த விரல்களுக்குள் செருகினார்கள்.

அந்தக் கை எப்படி ஒடிந்தது என்பது அற்புதத்துக்குத் தெரியும். ஜீப் சாவியைக் காணோம். பிள்ளைதான் எடுத்து விளையாடினாள் என்று அவர் கையைப் பிடித்து முறுக்கினார். சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. சாவி அவர் சட்டை ஜோப்பிலேயே இருந்தது. ஒன்பது நாளும் அது அவள் மனதில் எங்கோ ஒரு மூலையில் இருந்ததுதான். ஆனால் மவுஸைப் பிடித்திருந்தபோது அவள் பார்த்ததெல்லாம் சுருக்கம் ஒழுங்காக விழுகிறதா, நிழல் ஒரே பக்கம் சாய்கிறதா என்பதைத்தான். முடிந்ததும் பார்வதி நாலடி தள்ளி நின்று பார்த்து, "யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுங்கக்கா" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பன்னிரண்டு தாள் கலரில் அச்சாகி, மேலே கண்ணாடிக் காகிதம் போட்டு, சுருள் கம்பி கோத்துப் புத்தகமாக வந்தது. பூசணத்தில் பொடிந்துகொண்டிருந்த பழைய போட்டோக்களை அற்புதம் எறிந்துவிட்டாள். பெரியநாயகம் அதை மடியில் வைத்து, தாள் தாளாகத் திருப்பி, கீழே இருந்த எழுத்தை விரல் வைத்துப் படித்தார். தினமும் காலை கஞ்சி குடித்ததும் படித்தார். ஒரு மாதத்தில் விரல் வைக்காமலே சொன்னார். யார் வந்தாலும் உட்காரச் சொல்லி எடுத்துக் காட்டுவார்.

"இது எங்க கல்யாணம்ங்க, எழுவத்தி ரெண்டு. இது நான் ஓட்டுன ஜீப்பு. இது வேளாங்கண்ணிக்குப் போனது. இது செல்வி புது நன்மை."

"ஞாபகம் வந்துருச்சு! மாதா கண்ணத் தொறந்துட்டா!" என்று ஜெயமேரி அழுதாள். டாக்டர்கூட நல்ல முன்னேற்றம் என்று எழுதினார். அற்புதத்துக்குத்தான் விஷயம் தெரியும். ஒரு தடவை கம்பி கழன்று தாள்கள் மாறிப்போயின. அன்றைக்கு அவர் ஜீப் படத்தைக் காட்டி, "இது வேளாங்கண்ணிக்குப் போனதுங்க" என்றார். அவள் தாள்களைச் சரியாகக் கோத்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதில், ஈஸ்டருக்கு மறுநாள், செல்வி காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். இருபத்தைந்து வயது. அப்பாவை ஆஸ்பத்திரியில் ஒரு தடவையும், அதற்குப் பிறகு ஒரு தடவையும் பார்த்ததுதான். பெரியநாயகம் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க" என்று புத்தகத்தை நீட்டினார். அவள் நின்றபடியே திருப்பினாள். வேகமாகத் திருப்பிக்கொண்டு வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, இங்க வா. இது என்ன?"

"நீ புது நன்மை வாங்குனப்ப எடுத்தது."

"அது தெரியுது. மாவுக்கட்டு எங்க?"

அற்புதம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல எடுக்கலாம்."

"இந்தப் பூவு?"

"அதுவும் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு."

செல்வி சத்தம் போடவில்லை. புத்தகத்தை மூடாமல் பிடித்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினாள். "பாசில வழுக்கி உளுந்துட்டேன்னு சொல்லச் சொன்ன. டீச்சர்கிட்ட சொன்னேன். சாமியார்கிட்ட சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துலகூட அப்படியே சொன்னேன்மா, ஒம்பது வயசுல. அந்த போட்டோல மட்டுந்தான் அது இருந்துச்சு. கோயம்புத்தூர்ல இருக்கறப்ப எனக்கே சந்தேகம் வரும், நெசமாவே வழுக்கித்தான் உளுந்தேனோன்னு. அப்ப நெனச்சுக்குவேன், ஊட்டுல போட்டோ இருக்குதுன்னு. அதையும் நீயே எடுத்துட்டியா?"

அற்புதம் அடுப்படிக்குப் போய்ச் சோற்றைக் கிளறிவிட்டு வந்தாள்.

பெரியநாயகம் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். "ஏனுங்க, கைக்கு என்ன ஆச்சுங்க?"

"அம்மாகிட்ட கேளுங்க" என்று செல்வி பையை எடுத்தாள். சோறு வெந்துகொண்டிருந்தது. அவள் சாப்பிடாமலே மதிய பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல், வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அற்புதம் கடைக்குப் போனாள். "செல்வி படம், கட்டோட மொத மொத எடுத்தது, இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க. எதையும் அழிக்க மாட்டேன், வேற பேருல வெச்சிருப்பேன்" என்று பார்வதி எடுத்துக் கொடுத்தாள். பூசணப் பொட்டுகளோடு அப்படியே திரையில் வந்தது. அற்புதம் உட்கார்ந்து பொட்டுகளை எடுத்தாள். முகத்தில் இருந்ததை, கவுனில் இருந்ததை, படிக்கட்டில் இருந்ததை. மாவுக்கட்டின் மேல் ஒரு பொட்டு. அதை எடுக்கப் பெரிதாக்கியபோதுதான் கவனித்தாள். கட்டின் மேல் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். 'செல்வி, நாலாம் வகுப்பு' என்று இருந்தது. பிள்ளை தானே, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு எழுதுவதுபோல, எழுதியிருக்கிறாள். பதினாறு வருடமாக, அந்தக் கட்டை அழித்த ஒன்பது சாயங்காலமும்கூட, அது அற்புதத்தின் கண்ணில் பட்டதில்லை.

கை நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. நெஞ்சு அடைக்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரவில்லை. கை மட்டும் மவுஸின் மேல் அசையாமல் இருந்தது.

"என்னாச்சுங்கக்கா?"

"இது வழுக்கி உளுந்தது இல்ல கண்ணு" என்றாள் அற்புதம்.

பார்வதி திரையைப் பார்த்தாள். திரையில் பின்னால் நிற்கும் மனிதரைப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். கீழே எழுத வேண்டியதை அதுவரை பார்வதிதான் அடித்துக் கொடுப்பாள். இதை அற்புதமே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். 'செல்வி புது நன்மை. கையை ஒடித்தது அப்பா.'

பழைய தாளைக் கழற்றிப் புதுத் தாளைக் கோத்து வைத்த மறுநாள் காலை, கஞ்சி குடித்துவிட்டுப் பெரியநாயகம் புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் வழக்கம்போல "இது செல்வி புது நன்மை" என்று ஆரம்பித்தவர், நிறுத்தி, விரல் வைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"நான் ஒடிச்சேனுங்களா?"

"ஆமாங்க."

"எதுக்குங்க?"

"ஜீப் சாவியக் காணோம்னு."

"சாவி கெடச்சுதுங்களா?"

"உங்க சட்டை ஜோப்புலயே இருந்துச்சுங்க."

அவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப நான் நல்லவன் இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றாள் அற்புதம்.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மதியம் சோறு வைத்தபோது சாப்பிட்டார். அவள் வேலைக்குப் போய்விட்டு வந்தாள். வீட்டில் எதுவும் இடிந்து விழுந்திருக்கவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் அந்த வரியும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெயமேரியும் அவள் நாத்தனாரும் வந்திருந்தபோது, புத்தகத்தை விரித்து, அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னார். "இது நான் ஓட்டுன ஜீப்பு. இது வேளாங்கண்ணிக்குப் போனது. இது செல்வி புது நன்மை. கைய நான்தான் ஒடிச்சேனுங்க. இது என் தம்பி கல்யாணம்."

நாத்தனாருக்கு டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜெயமேரி அடுப்படிக்குள் வந்து அற்புதத்தின் கையைப் பிடித்தாள்.

"ஏண்டி, புத்தி கெட்டுப் போச்சா? ஒண்ணும் தெரியாம கெடக்குற மனுசனுக்கு இத எழுதி வெக்கோணுமா?"

"நடந்துச்சில்ல?"

"நடந்துச்சு. யாருக்குத் தெரியாது? செவுத்துக்கு அந்தப் பக்கந்தானே இருந்தேன்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது ஜெயமேரிக்கே உறைத்தது. கையை விட்டுவிட்டாள். பதினாறு வருடமாக அவளும் பாசி என்றுதான் மற்றவர்களிடம் சொல்லியிருந்தாள்.

வரிசை வீடுகளில் கொஞ்ச நாள் பேச்சாக இருந்தது. நோயாளியை வதைக்கிறாள் என்றார்கள். அதைச் சிலர் அற்புதத்தின் காதில் விழும்படியே சொன்னார்கள். அவள் துணி அறைக்குப் போனாள், வந்தாள். ஜூனில் பார்வதி, பழைய கல்யாண ஆல்பங்களைச் சரிபண்ணும் வேலைகள் வருகின்றன, சாயங்காலம் வந்து கை கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அற்புதம் ஒத்துக்கொண்டாள். மற்றவர்களுடைய மாப்பிள்ளை, பெண், மாலை, மணவறை எல்லாவற்றின் மேலும் இருந்த பூசணப் பொட்டுகளை எடுத்தாள். நன்றாகச் செய்கிறாள் என்று பெயர் வந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் சீக்கிரம் போயிற்று.

செல்விக்கு அவள் இரண்டு வரியில் ஒரு கார்டு போட்டிருந்தாள். படத்தை மாற்றிவிட்டேன், வந்து பார். ஆகஸ்ட் கடைசியில் செல்வி வந்தாள். வெளியே பனி இறங்கி, பள்ளிக்கூட மணிக்கூண்டே தெரியாத காலை. பெரியநாயகம் அவளை உட்காரச் சொல்லிப் புத்தகத்தைத் தானே பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்வதுபோலவே சொல்லிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் வந்தது.

"இது செல்வி புது நன்மை. கைய நான்தான் ஒடிச்சேனுங்க."

செல்வி படத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் பக்கத்தைத் திருப்பாமல் அவளைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களே செல்வி?"

"ஆமா."

"வலிச்சுதுங்களா?"

"வலிச்சுது."

"எத்தனை நாளுங்க?"

"நாப்பத்தஞ்சு நாள் கட்டு இருந்துச்சு. அதுக்கப்புறமும் குளுருக்கு வலிக்கும்."

"இன்னைக்கும் குளுருதுங்களே" என்றார் அவர். படத்தில் கட்டின் மேல் விரலை வைத்து, "தப்புங்க அது" என்றார். யாரோ செய்த தப்பைச் சொல்வதுபோலத்தான் இருந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பி, "இது என் தம்பி கல்யாணம்" என்றார்.

செல்வி அடுப்படிக்கு வந்து, அரிசி டின்மேல் உட்கார்ந்தாள்.

"வருத்தப்படறாராம்மா அவரு?"

"தெரியலடி."

"எத்தனையோ தடவை மனசுக்குள்ள பேசி வெச்சிருந்தேன், இப்படிக் கேப்பேன், அப்படிக் கேப்பேன்னு. இன்னைக்கு அவரு வாயாலயே சொல்றாரு. எனக்கு ஒண்ணுமே வரல."

"எனக்கும் அப்படித்தான். நொம்ப நாளா" என்றாள் அற்புதம்.

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. மேலே ஏதாவது சொல்வாளோ என்று காத்திருந்தாள். அற்புதம் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டதும் செல்வி, கொஞ்சம் தலையைச் சாய்க்கிறேன், பஸ்ஸுக்கு எழுப்பிவிடு என்று உள்ளறையில் படுத்தாள். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டாள். பஸ் நேரம் வந்தபோது அற்புதம் உள்ளே போய் நின்றாள். மகள் வாயைத் திறந்துகொண்டு, போர்வை ஒரு பக்கம் கிடக்க, குப்புறக் கிடந்தாள். கூப்பிடலாமா என்று யோசித்தாள். கூப்பிடவில்லை. கீழே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, அவங்க பஸ்ஸு போயிருச்சுங்களே" என்றார் பெரியநாயகம் வாசலில் இருந்து.

"போகட்டுங்க" என்றாள். துணி அறைக்கு நேரமாகிவிட்டது. மகளுக்கு டீத்தூளும் சர்க்கரையும் கண்ணில் படும்படி எடுத்து வைத்தாள். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, பனிக்குள் இறங்கி நடந்தாள்.